உள்ளே போன வெளிச்சம்

திரையில் அவளுடைய வலது கட்டைவிரலைக் காணோம்.

மற்ற நான்கு விரல்களும் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருந்தன. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மேசையின் கருநீலம். அவள் குனிந்து கையைப் பார்த்தாள். விரல் அதன் இடத்தில்தான் இருந்தது, நகமும் ரேகையுமாக. நிமிர்ந்து திரையைப் பார்த்தால் இல்லை. மேசைக்கு மேலே மாட்டியிருந்த அந்த வெப்பக் கேமரா இதுவரை பொய் சொன்னதில்லை. கண்ணுக்குத் தெரியாத சனியனான அகச்சிவப்பு லேசர் எங்கே சிந்துகிறது என்று காட்டிக்கொடுக்கவே அதை வாங்கியிருந்தார்கள்.

"அண்ணா, இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்."

லேசரைப் பார்த்துக்கொள்பவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். "டேப் ராணிக்கு விரல்லயே படிகம் ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். போய்க் கழுவும்மா. கிளவுஸ் போடு, கிளவுஸ் போடுன்னு தலையால அடிச்சுக்கறேன், யார் கேக்கறா?" டீ குடிக்க மாடிக்குப் போய்விட்டார்.

அவர் அடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். படிகம் காகிதக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். டேப்பை ஒட்டிப் பிரித்து, மறுபடி ஒட்டிப் பிரித்து, சில அணுக்களே கனமுள்ள தாளாக வந்த பிறகு அதைச் சிலிக்கான் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். உறை போட்ட விரலுக்கு அழுத்தம் பிடிபடாது. அதனால் அவள் வலது கை உறையை மட்டும் கழற்றிவிடுவாள். தான் தேய்த்தால் தாள் கிழியாது என்று கொஞ்சம் கர்வமும் உண்டு.

பதினைந்து நாளுக்கு முன்னால், அப்படித் தேய்த்த இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக, லேசாகத் திருப்பி அடுக்கினாள். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய அந்த அடுக்குக்குள் அகச்சிவப்பு ஒளி, உடம்புச் சூடாக வெளியே வருகிற அதே ஒளி, தன்னைக் குறுக்கிக்கொண்டு நுழைந்தது, விளிம்புவரை ஓடியது, திரும்பி வரவேயில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளே போனது எங்கே போயிற்று என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அவள் அசிட்டோனை ஊற்றி விரலைத் தேய்த்தாள், மூக்கைத் துளைக்கும் அந்த நெடி ஜன்னலில்லாத நிலத்தடி அறை முழுக்கப் பரவ, மூலையில் வெற்றிடப் பம்ப் இருமிக்கொண்டே இருக்க, குழாய்த் தண்ணீரில் அலசி, தோல் சிவக்கத் துடைத்து, மறுபடி கேமராவுக்குக் கீழே நீட்டினாள்.

மணிக்கட்டுவரை இல்லை.

இடது கையால் தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லை, மரத்தும் போகவில்லை. மேசையைத் தொட்டது போல இருந்தது.

அப்போது கணவன் போனில் கூப்பிட்டான்.

"வேலையா இருக்கியா? பாப்பா ஒரு மாதிரி இருக்காம்மா. உடம்பெல்லாம் சில்லுன்னு இருக்கு. ஆனா மூச்சு மட்டும் அனலா அடிக்குது."

கல்யாணமாகி ஒன்பது வருஷம் தவம் கிடந்து பெற்ற பிள்ளை, இன்னும் எட்டு மாசம்கூட முடியவில்லை.

"ஜுரம் பார்த்தீங்களா?"

"நெத்திக்கு நேரா காட்டுவோமே, அந்த தெர்மாமீட்டர் மக்கர் பண்ணுது. எனக்கு முப்பத்தாறுங்குது. இவளுக்கு இருபத்திரண்டுன்னு காட்டுது. சுவத்துக்குக் காட்டினாலும் அதே இருபத்திரண்டுதான்."

பதினைந்து நாள். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவள்தான் குளிப்பாட்டினாள். அவள்தான் தட்டித் தூங்கவைத்தாள். கன்னம், கழுத்து மடிப்பு, குட்டிக் கால்கள். எல்லா இடத்திலும் இந்த விரல்.

"தூக்காதீங்க," என்றாள்.

"என்னது?"

"பாப்பாவைத் தூக்காதீங்க. கீழ விடுங்க. தொடாதீங்க, ப்ளீஸ்."

"உனக்கென்ன பைத்தியமா? மடியிலதான் வெச்சிருக்கேன். உன்னையும் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போகலாம்னு கிளம்பி வந்துட்டேன். உன் லேப் வாசல்ல இறங்கறேன், இதோ..."

இணைப்பு அறுந்தது. அந்த அறையில் சிக்னல் அப்படித்தான். திரும்பக் கூப்பிட்டாள், போகவில்லை. மேலே ஓடிப்போய்த் தடுக்கலாம். தடுத்து? யார் கையில் வாங்குவது? அவளுடைய கையிலா?

தோன்றியது ஒன்றுதான். கேமராவைக் கழற்றி அறைக் கதவைப் பார்க்கத் திருப்பினாள். தெர்மாமீட்டர் கெட்டுத்தான் போயிருக்கும். மலிவுச் சாமான். கதவு திறந்ததும் திரையில் ஆரஞ்சுக் கன்னங்கள் தெரியும். தெரிந்தாக வேண்டும். கடவுளே, அது போதும். இந்தக் கையை வெட்டிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுத்துவிடுவாள்.

கேமராவைத் திருப்பும்போது தன் கை குறுக்கே போனதைத் திரையில் பார்த்தாள். முழங்கைவரை இல்லை.

பம்ப் ஓய்ந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. நடுவில் பாப்பாவின் சிணுங்கல். பிறகு அதுவும் இல்லை.

கதவு திறந்தது.

நேரே பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. திரையைப் பார்த்தாள். கணவனின் முகம், ஆரஞ்சு. தோள்கள், ஆரஞ்சு. எதையோ அணைத்திருந்த இரண்டு கைகளும் முழங்கையோடு நின்றுவிட்டன. நெஞ்சில் ஒரு குழந்தை அளவுக்குக் கருநீலம், கத்தரித்து எடுத்தது போல.

"அம்மா பாரு, அம்மா," என்றான் அவன். "ஏய், உன்னைப் பார்த்ததும் சிரிக்கறா பாரேன்!"

அவன் கழுத்தில் ஐந்து சின்ன விரல்கள் படிந்திருந்தன. அவை படிந்த இடத்திலிருந்து கருநீலம் தாடையை நோக்கி மெதுவாக ஏறியது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து கொஞ்சினான்.

குழந்தை இருந்த இருட்டு அவள் பக்கம் திரும்பியது. அதன் நடுவே ஒரு சின்ன வாய் திறந்தது. உள்ளே நாக்கு இல்லை, ஈறு இல்லை. பதினைந்து நாளாக உள்ளே போய்த் திரும்பி வராத சூடெல்லாம் அங்கே கொதித்து வெள்ளையாக நின்றது.

வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. இரண்டு கைகள் அவளை நோக்கி நீண்டன.