பட்டினித் தொட்டி

குளியலறையிலிருந்து வந்த கணவன், ஹாலுக்குள் நுழையும்போது கதவு நிலையில் விலாவை ஒருமுறை உரசிவிட்டுப் போனான். தடுமாறி இடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உடம்பை லேசாகச் சாய்த்து, மரத்தின் விளிம்பில் சர்ரென்று தேய்த்து, எதுவுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துகொண்டு நடந்தான். சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த அவளுக்குக் கை நின்றுவிட்டது. அந்த உரசலை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். ஆனால் மனிதர்களிடம் அல்ல.

"என்னங்க, அரிக்குதா?"

"எங்க? இல்லையே," என்றான், டிவி ரிமோட்டைத் தேடியபடி. தான் உரசியதே அவனுக்குத் தெரியவில்லை.

ஹாலின் நீளச் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது உப்புநீர்த் தொட்டி. ஓர் ஆள் கை காலை நீட்டித் தாராளமாகப் படுக்கலாம். அந்த இடத்தில் புத்தக அலமாரி வைக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டிருந்தாள், மீன்கள் வந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மீனையும் பெற்ற பிள்ளையைப் போல அறிமுகம் செய்வான். பெற்ற பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பான்.

புது மீனை ஒரு மாதமாவது தனித்தொட்டியில் வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் பெரிய தொட்டியில் விட வேண்டும். இது அவனே அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்ன பாடம். ஆனால் ஒருநாள் மாலை ஆபீஸ் நண்பர்கள் வருவதாக இருந்தது. கையில் பையும், பைக்குள் பளபளவென்று ஒரு நீல மீனுமாக வந்து நின்றான். தனியா வைக்கணும்னு சொல்வீங்களே என்று அவள் நினைவுபடுத்தியதற்கு, "பார்த்தா நல்லாத்தானே இருக்கு, ஒண்ணும் ஆயிடாது" என்று சொல்லி அப்படியே உள்ளே விட்டான்.

இரண்டு வாரத்தில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் பாறையில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. பிறகு எல்லா மீன்களும் தேய்த்தன. செதில்களின் மேல் யாரோ பொடி உப்பைத் தூவிவிட்டது போல வெள்ளைப் புள்ளிகள். கடைசியில், பம்ப்பிலிருந்து தண்ணீர் வேகமாகப் பாயும் மூலையில் எல்லாம் ஒன்றுகூடி, நீரோட்டத்தைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. செவுளுக்குள் நோய் போய்விட்டால் மூச்சு கிடைக்காமல் அப்படித்தான் நிற்குமாம். சொன்னவர் வளர்ப்பு மீன் கடைக்காரர்.

வீட்டுக்கே வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒட்டுண்ணி மேடம். மேல உப்பு மாதிரி தெரியுதே, அது உடம்பைத் தின்னுட்டு கீழ விழும். மணல்ல போய் கூடு கட்டிக்கும். ஒண்ணு நூறாகி, விடியற நேரத்துல வெளிய வந்து மறுபடி உடம்பு தேடும். உடம்பு கிடைக்கலைன்னா பட்டினில சாகும். அதனால மீன் அத்தனையும் வெளிய எடுத்து செம்பு மருந்து போட்ட தொட்டில விடுங்க. இந்தத் தொட்டியை ரெண்டரை மாசம் பட்டினி போடுங்க."

"புள்ளி மறைஞ்சா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. மறைஞ்சா போயிடுச்சுன்னு இல்ல, இறங்கிடுச்சுன்னு அர்த்தம். அப்பதான் பயப்படணும். இன்னொண்ணு, இந்தத் தண்ணி பட்ட கை அந்தத் தண்ணில படக் கூடாது. ஒரு சொட்டு போதும். கை துடைக்கிற துண்டைக்கூட தனித்தனியா வச்சுக்கோங்க."

"மனுஷங்களுக்கு ஒட்டாதே?"

கடைக்காரர் சிரித்தார். "மனுஷன்கிட்ட என்ன ருசி இருக்கு மேடம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவன் சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை தொட்டிக்குள் இறங்கி மீன் பிடித்தான். நீல மீன் மட்டும் பாறை இடுக்கில் புகுந்துகொண்டு ஆட்டம் காட்டியது. மேல் விளிம்பில் வயிறு அழுந்தக் கவிழ்ந்து அதை இழுத்தபோது பாறை அவன் விலாவைக் கீறிவிட்டது. ரத்தம் நூலாகத் தண்ணீரில் இறங்கியது. பிடித்த மீன்களைப் பால்கனியில் வைத்த மருந்துத் தொட்டிகளில் விட்டதோடு அவன் வேலை முடிந்தது. பால்கனித் தொட்டிகளுக்கு மருந்து அளப்பது, தண்ணீர் மாற்றுவது, சாப்பாடு போடுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. அவளும் வீம்புக்கு ஒழுங்காகச் செய்தாள். பெரிய தொட்டிக்கு நீலத் துண்டு, பால்கனித் தொட்டிகளுக்கு மஞ்சள் துண்டு. ஒருநாள்கூட மாற்றவில்லை.

மீன்களை இடம் மாற்றி ஒரு வாரம் ஆகியிருந்த நிலையில்தான் அவன் கதவு நிலையில் உரசினான்.

மீன் இல்லாத தொட்டி மீன் இருந்த தொட்டியைவிட அதிகமாக வீட்டை நிரப்பியது. விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள். பம்ப் மட்டும் ஓயாமல் முனகியது. ஈரத் துணியை மூடிய பாத்திரத்தில் மறந்துவிட்டது போன்ற உப்பு வாடை ஹாலிலிருந்து படுக்கையறைக்கும், படுக்கையறையிலிருந்து தலையணை உறைக்கும் மெல்ல மெல்லக் குடிபெயர்ந்தது. பாறைகளுக்கு நடுவே இருந்த இருட்டு, அதன் முன்னால் நடந்து போகும்போதெல்லாம், யாரோ பேச்சை நிறுத்திக்கொண்ட அறைக்குள் நுழைந்த உணர்வைத் தந்தது. அவள் முடிந்தவரை சமையலறை வழியாகவே சுற்றிப் போனாள்.

ஒரு மாலை, பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, தூசி என்கிட்ட வருது."

"என்ன தூசி?"

"பாரேன். நான் இங்க வந்தா இங்க வருது. அங்க போனா அங்க வருது."

அவள் மகளைக் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் நிறுத்தினாள். பிறகு, செய்யக் கூடாது என்று தெரிந்தும், தன் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேசாக மங்கியது. மங்கல் திரண்டது. கையை எடுத்துப் பார்த்தாள். ஐந்து விரலும் உள்ளங்கையுமாக வெண்மையாக ஒரு கை, உள்ளே இருந்து கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தாள். "அது கண்ணுக்கே தெரியாது மேடம்" என்றார் அவர். "வெறும் அழுக்கா இருக்கும். நீங்க ரொம்ப மனசைப் போட்டு குழப்பிக்கிறீங்க."

மறுநாள் காலை கணவன் சட்டை போடும்போது முதுகைப் பார்த்தாள். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை பொடி உப்பு. தொட்டுப் பார்த்தாள். உதிரவில்லை.

"டாக்டர்கிட்ட போலாங்க."

"வேர்க்குருவுக்கு டாக்டரா? மீனைப் பார்த்துப் பார்த்து உனக்கு எல்லாமே மீனாத் தெரியுது."

அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அதையும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும் தட்டை எடுத்துக்கொண்டு போய் டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்தான். காற்றைப் பார்த்து வாயைத் திறந்தான். மூடினான். பருக்கை உதட்டோரம் ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவனைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. இந்த நோயையும் இவன்தான் கொண்டுவந்தான், இதையும் நான்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை புள்ளிகள் மறைந்துபோயின.

"பார்த்தியா?" என்று சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். சுத்தமாக, வழவழவென்று இருந்தது. "வேர்க்குருன்னு சொன்னேன்ல?"

அவன் குளிக்கப் போனதும் அவள் படுக்கையறைக்கு ஓடினாள். விரிப்பை உதறினாள். நறநறவென்று மெத்தையில் ஏதோ உருண்டது. வெள்ளை மணல். அவன் படுத்த பக்கத்திலிருந்து நடுவரைக்கும் பரவியிருந்தது. நடுவில் படுப்பது பாப்பா.

பள்ளிக்குப் புறப்பட்டு நின்ற மகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். காது மடலின் பின்னால், அக்குள், முழங்காலின் மடிப்பு, விரலிடுக்கு, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டு முறை பார்த்தாள். அழுகை வந்தது.

உடம்பு கிடைக்கவில்லை என்றால் பட்டினியில் சாகும். இப்போது தொட்டி எது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டைக் காலியாக விட வேண்டும்.

"அக்கா வீட்டுக்குப் போறோம். நீங்களும் வாங்க. முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் எங்கயாவது தனியா இருங்க."

"நான் என்ன மீனா, பிடிச்சு வேற தொட்டில விட?" என்றான் அவன். ஃபேன் பக்கத்திலிருந்து திரும்பவே இல்லை.

இதற்கு மேல் கெஞ்ச அவளுக்குத் தெம்பு இல்லை. பாப்பாவைத் தேய்த்துக் குளிப்பாட்டி, ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துத் தலை துவட்டி, நல்ல துணி போட்டுக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அக்கா வாசலிலேயே பாப்பாவை வாரி அணைத்துக்கொண்டாள். அக்காவின் இரட்டைப் பையன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். என்ன ஏது என்று கேட்ட அக்காவிடம், சண்டை என்று மட்டும் சொன்னாள். மற்றதை வாய்விட்டுச் சொன்னால் தன்னை எங்கே கூட்டிப் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"பின்னாடி ரூம் காலியாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுது போல. ரெண்டு நாள் உன்கூட தனியா படுக்கட்டுமா? இல்ல, பசங்களோட ஹால்ல ஏசில படுக்கட்டுமா?"

"பெரியம்மா, ஹால்!" என்று குதித்தாள் பாப்பா.

"பார்த்தா நல்லாத்தானே இருக்கா," என்றாள் அவள். "ஒண்ணும் ஆயிடாது."

சொன்ன பிறகு, இதே வார்த்தைகளை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. களைப்பில் அதைத் தேடிப் பிடிக்கத் தோன்றவில்லை.

அந்த வாரம் நிம்மதியாகவே போனது. பின் அறையில் அவள் மட்டும் படுத்து, செத்தவள் போலத் தூங்கினாள். பாப்பா பையன்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டாள், ஒரே போர்வைக்குள் சிரித்தாள். கணவனுக்கு அவள் தினமும் போன் செய்தாள். கடைசியாக எடுத்தபோது அவன் பேசவில்லை. ஃபேன் சத்தம் கேட்டது. அதற்கு மேல், நிதானமாக, ஈரமாக, உதடு ஒட்டிப் பிரியும் சத்தம். ப்ப். ப்ப். ப்ப். அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டாரிடம் போய்ப் பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள்.

வாரக் கடைசியில், இரவுச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் எடுக்க வந்த அக்கா, ஃப்ரிட்ஜின் விளிம்பில் இடுப்பைத் தேய்த்துவிட்டுப் போனாள்.

சர்ரென்று.

"அக்கா, அரிக்குதா?"

"எங்க? இல்லையே."

அவள் எழுந்து போய்ப் பின் அறையில் உட்கார்ந்தாள். யோசித்தாள். இருக்காது. பாப்பாவின் உடம்பில்தான் எதுவுமே இல்லையே. ஒரு புள்ளிகூட இல்லையே.

மறைஞ்சா போயிடுச்சுன்னு இல்ல.

அப்போதுதான் துண்டு நினைவுக்கு வந்தது. பெரிய தொட்டிக்கு நீலத் துண்டு. பால்கனித் தொட்டிகளுக்கு மஞ்சள் துண்டு. மீன்களுக்கு இரண்டு. குளியலறை ஆணியில் தொங்கியது வெள்ளைத் துண்டு. காலையில் அவன் முதுகு துடைப்பான். பிறகு அவள் முகம். பிறகு பாப்பாவின் தலை. மீனுக்கு மீன் ஒட்டிவிடக் கூடாது என்று கண்ணும் கருத்துமாக இருந்த வீட்டில், மூன்று மனிதர்களுக்கு ஒரே துண்டு.

அவள் ஹாலுக்குப் போயிருக்க வேண்டும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். தூக்கி எங்கே போவது? இன்னொரு வீட்டுக்கா? கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எப்போது கண் அயர்ந்தாள் என்று தெரியவில்லை.

ஜன்னல் சாம்பல் நிறமாக வெளுத்தபோது விழிப்பு வந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஏசியின் உறுமல் மட்டும். அதற்குள்ளே வேறொன்று.

ப்ப்.

எழுந்தாள். காலுக்கடியில் நறநறத்தது. நடைவழி முழுக்க. மெல்லிய மணல்.

ப்ப். ப்ப்.

ஹாலில் படுக்கைகள் காலியாகக் கிடந்தன. ஏசிக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா. அக்கா கணவர். இரட்டையர்கள். எல்லோருக்கும் முன்னால் பாப்பா. குளிர்ந்த காற்று வரும் பக்கம் முகத்தை உயர்த்தி, தோளோடு தோள் ஒட்டி, அசையாமல். வாய்கள் திறந்தன. மூடின. ஒன்றாக.

பாப்பாவின் பாவாடைக்கு மேலே சின்ன முதுகு தெரிந்தது. வழவழவென்று இருந்தது.

"பாப்பா..."

யாரும் திரும்பவில்லை. அவள் மறுபடி கூப்பிட நினைத்தாள், சத்தம் வரவில்லை, மூச்சு போதவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டதாகத்தான் நினைத்தாள். விலா மரத்தின் விளிம்பில் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது.

காற்றைப் பார்த்த முகங்களைத் திருப்பாமலே அவர்கள் மெல்ல நகர்ந்தார்கள். பாப்பாவின் பக்கத்தில், ஓர் ஆள் நிற்க இடம் விட்டு.