மூடி வைத்த இயந்திரம்

“என் பங்கை அண்ணனுக்கு விக்கிற பத்திரத்துல இன்னிக்கு சாயங்காலம் கையெழுத்து, சார். போட்டா பாதிக் கம்பெனி கையை விட்டுப் போயிடும். போடலைன்னா பேங்க் கடன் என் தலையிலயும் விடியும்னு அண்ணன் சொல்றாரு.”

வந்திருந்த பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா விட்டுப்போன பாட்டில் மூடித் தொழிற்சாலையில் அவளுக்குப் பாதி, அண்ணனுக்குப் பாதி. நடத்துவது அண்ணன். மூன்று வருடமாக லாபம் என்று ஒரு காசு அவள் கைக்கு வரவில்லை.

கம்பெனிகளின் விலையைக் கணித்துச் சொல்வது அவள் தேடி வந்த மதிப்பீட்டாளரின் தொழில். அவருக்கு உதவியாக இருந்த அவருடைய அக்கா மகளை எல்லோரும் ‘அவசரம்’ என்றே கூப்பிட்டார்கள்.

“கணக்குல தில்லுமுல்லு, மாமா,” என்றாள் அவசரம்.

“கணக்கு எழுதினது அண்ணனோட ஆளு. நாம மெஷினைப் பார்ப்போம்.”

தொழிற்சாலையில் அண்ணன் தன் அறையில் மெல்லிய குரலில் பேசினார். “வளரணும்னு அகலக்கால் வச்சுட்டேன். கடன் வாங்கிப் புது மெஷின் போட்டேன். ஆர்டர் இல்லை, ஆறு மாசமா மூடிக் கிடக்கு. கடன் அப்படியே நிக்குது. இதுக்கு மேல யாரு விலை கொடுப்பா?”

இயந்திரக் கூடத்தில் அன்று எதுவும் ஓடவில்லை. உள்ளே நுழைந்ததுமே அண்ணன், “இதுதாங்க அந்த மெஷின்,” என்று கத்தினார். அவசரம் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

இயந்திரத்தின்மேல் சாம்பல்நிற உறை. அதன் மடிப்புக் கோடுகளை மதிப்பீட்டாளர் விரலால் தடவினார். பிறகு உறையை ஓரமாகத் தூக்கினார். பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் வண்ணம் மங்காமல் பளிச்சென்றிருந்தது. அதன் நான்கு மூலையிலும் திருகாணித் துளைகள்.

அறைக்குத் திரும்பியபோது பத்திரம் மேசையில் விரிந்திருந்தது. தங்கை பேனாவைத் திறந்தாள். அவசரம் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா வாயைத் திறக்கவே மாட்டாரா?

“பேனாவை மூடுங்கம்மா,” என்றார் மதிப்பீட்டாளர். “ஆறு மாசமா கிடக்கிற உறையில மடிப்பு கலைஞ்சிருக்கும். இது நேத்துப் பிரிச்ச உறை. இங்க மெதுவாப் பேசற உங்க அண்ணன் அங்க போனதும் கத்தறார். தினமும் மெஷின் சத்தத்துல பேசிப் பேசி வந்த பழக்கம்.”

அண்ணன் சிரித்தார். “சத்தமாப் பேசினா குத்தமா?”

“கடன் கொடுத்த பேங்க் மெஷின்ல தன் பேர் போட்ட தகட்டை அடிச்சு வைக்கும். கடன் தீர்ற வரைக்கும் கழட்டக் கூடாது. அந்தத் தகடு எங்க?”

“விழுந்திருக்கும்.”

“நாலு திருகாணியும் சேர்ந்தேவா?” என்றாள் அவசரம்.

மதிப்பீட்டாளர் தொலைபேசியை அண்ணன் பக்கம் நகர்த்தினார். “பேங்கையே கேட்டுடலாம்.”

அண்ணன் அதைத் தொடவில்லை. “கடன் தீர்ந்துடுச்சு. ராப்பகலா நின்னு வளர்த்தவன் நான். இவ வீட்டுல உட்கார்ந்திருந்தா,” என்றார்.

“லாபத்துல பாதி அவங்களோடது. அதை அவங்களுக்குக் கொடுக்காம கம்பெனியிலயே போட்டதாலதான் கடன் தீர்ந்தது, கம்பெனி சொந்தக்கால்ல வளர்ந்துச்சு. அப்படி வளர்ற கம்பெனிக்கு நீங்க போட்ட விலையை மூணு மடங்காக்கினாலும் பத்தாது.”

தங்கை பத்திரத்தை நான்காக மடித்தாள்.

“ராப்பகலா நின்னது நீதான், அண்ணா. அதைச் சொல்லிக் கேட்டிருந்தா இந்த விலைக்கே கொடுத்திருப்பேன்.” எழுந்துகொண்டாள். “இப்ப அந்த உறையை எடுத்துட்டு மெஷினை ஓட விடு. நாளையிலேர்ந்து நானும் வரேன்.”