ரொட்டிக்காரரின் மடங்கிய கை

ஆலெய்ட் டெர்ப்ஸ்த்ரா மழையோடு வந்து, நனைந்த குடையை வாசலிலேயே போட்டுவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னாள். ஹோர்ன் நகரத்துப் பெண்கள் பள்ளியில் அவள் ஆசிரியை. வெள்ளிக்கிழமை பள்ளிக் குழு கூடி அவளை வேலையிலிருந்து நீக்கப் போகிறது. காரணம், அவள் எழுதாத ஒரு நாவல்.

"வேலை போச்சுன்னா அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும் ஐயா. அவங்க குழந்தைங்களுக்குக் காலுறை பின்னியே காலம் போயிடும்" என்றாள்.

அவள் தேடி வந்த ஏவர்ட் ரோஸ்மா ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர், எதற்கும் அவசரப்படாதவர். அவரோடு வசித்த தங்கை ஃபெம்மாவுக்குப் பொறுமை என்பதே கிடையாது. அந்த நாவலை அவள் இரண்டு முறை படித்து இரண்டு முறையும் அழுதிருந்தாள். அட்டையில் எழுதியவர் பெயர் இல்லை. ஒரு நீதிபதியின் மனைவி, வாய்விட்டு யாரிடமும் சொல்லாமல் நினைப்பதெல்லாம் அதில் இருந்தது. அவர்கள் ஊர்த் தெருவும் இருந்தது. வலது கை மடங்கிப்போன ரொட்டிக்காரர், இடது கண்ணில் கறுப்புத் துணி கட்டிய பால்காரி, மீன்கடை மஞ்சள் நாய், எல்லாம். அதைவிட, இடுப்பின் இடதுபுறம் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு, தேநீரோடு ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவை மூடிவிடும் கணவர் இருந்தார். பள்ளிக் குழுத் தலைவர் நோட்டரி ஹேரிங்கா அதைத் தன்னைப் பற்றி எழுதியது என்று எடுத்துக்கொண்டார். புதன்கிழமைதோறும் அவர் தங்கைக்குப் பிரெஞ்சு வாசித்துக் காட்ட ஆலெய்ட்தான் அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். வேறு யாருக்கு அந்த டப்பா தெரியும்?

"நீங்க எழுதலையா?" என்று ஃபெம்மா கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டாள்.

"எழுதத் தெரிஞ்சா எழுதியிருப்பேன்."

மறுநாள் அண்ணனும் தங்கையும் அந்தத் தெருவில் நடந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியேயும் சாய்த்து மாட்டியிருந்த சிறு கண்ணாடியில், உள்ளே இருந்தவர்கள் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்காரர் கூடையை வலது கையில் மாட்டிக்கொண்டு எதிரே வந்தார். மடங்கியிருந்தது இடது கை. பால்காரியின் கறுப்புத் துணியும் வலது கண்ணில்தான் இருந்தது.

"வழக்குப் போட்டுடக் கூடாதுன்னு மாத்தி எழுதியிருப்பாங்க அண்ணா" என்றாள் ஃபெம்மா.

"ஆளை மறைக்கணும்னா நாயைக் கறுப்பாக்கியிருக்கலாமே. அது மஞ்சளாத்தான் படுத்திருக்கு பாரு."

அன்று மாலை அதே தெருவில் நோட்டரி வீட்டு மாடியில் தேநீர். ஏவர்ட் கேட்டுக்கொண்டபடி ஆலெய்டும் வந்திருந்தாள். ஜன்னலோரச் சோபாவில் நோட்டரியின் தங்கை மெக்டில்ட் மல்லாந்து படுத்திருந்தாள். இடுப்பெலும்பு நோய். பெற்றோர் இறந்தபின் வேறு ஊரிலிருந்து அவளை அழைத்துவந்த நாளில், நோட்டரியே தூக்கிக்கொண்டு இந்த மாடி ஏறினாராம். அதன்பிறகு அவள் கீழே இறங்கவேயில்லை. அவர் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, இடது இடுப்பில் சாவிகள் குலுங்க வந்து, பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மூடினார். ஃபெம்மா இருமிச் சிரிப்பை மறைத்தாள்.

ஏவர்ட் நிதானமாகப் பேசினார். நாவலில் வீட்டுக்குள் நடப்பது ஒன்றுகூடத் தவறவில்லை. சாவி இடதுபுறம் என்றால் இடதுபுறமேதான். தெருவில் மட்டும் இடது வலதாகவும் வலது இடதாகவும் இருக்கிறது. நிறம் மாறவில்லை, பக்கம்தான் மாறுகிறது. அதுவும் எல்லா ஆட்களுக்கும்.

"கண்ணாடில பார்த்தா அப்படித்தான் தெரியும்" என்றார். "டீச்சர் தினமும் அந்த ரொட்டிக்காரர்கிட்ட நேருக்கு நேரா நின்னு ரொட்டி வாங்கறாங்க. அவங்க இதை எழுதியிருக்க முடியாது."

நோட்டரி ஒப்புக்கொள்ளவில்லை. "ஜன்னல் கண்ணாடி எல்லா வீட்லயும்தான் இருக்கு."

"இருக்கு. ஆனா மத்தவங்க தெருவுல இறங்கியும் நடக்கறாங்க."

அதோடு நிறுத்திக்கொண்டு ஏவர்ட் தேநீர்க் கோப்பையை எடுத்தார். வாய் திறக்கப்போன ஃபெம்மாவின் காலை மெதுவாக மிதித்தார். யாரென்று தெரியாமல் குழுவில் தான் என்ன சொல்வது என்று நோட்டரி கேட்டார். எழுதியவர்தான் அதைச் சொல்ல வேண்டும் என்றார் ஏவர்ட்.

கீழே மீன்கடை நாய் குரைத்தது.

"அப்போ," என்றாள் மெக்டில்ட், கூரையைப் பார்த்தபடி, "ரொட்டிக்காரருக்கு மடங்கின கை இடது கையா?"

நோட்டரி திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் தொடர்ந்து பேசினாள். ஆலெய்ட் மேல் பழி விழுந்தது அதுவரை அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் எழுதியது தான்தான் என்று முதல் நாளே சொல்லியிருப்பாள். பார்சலைத் தபாலில் சேர்த்த வேலைக்காரப் பெண்ணைத் திட்ட வேண்டாம், உள்ளே என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. "பேனாவை மட்டும் எடுத்துடாதே அண்ணா" என்று முடித்தாள்.

நோட்டரி குலுங்கிய சாவிக்கொத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். பிறகு ஆலெய்டிடம் போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலும் அதையே சொல்வதாகச் சொன்னார். அப்புறம் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை அச்சுப் போடுவாங்களாமே. கையைத் திருத்திடுவியா?"

"திருத்தணும்."

"கண்ணையும்?"

"கண்ணையும்."

அவர் தொண்டையைச் செருமினார். "அந்த டப்பா மூடி..."

"அது சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் மெக்டில்ட்.

நோட்டரி எழுந்து போய் டப்பாவைத் திறந்து, தங்கையிடம் நீட்டினார். அவள் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தாள். அவர் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.