நாற்பது விநாடித் தமிழினி

நாற்பது விநாடி வீடியோவில் இன்று ஒன்பது விநாடியைக் காணோம். தமிழினி கேக் மேலிருக்கும் மெழுகுவர்த்தியை ஊதுகிறாள், வாயைத் திறக்கிறாள், அத்தோடு நின்றுவிடுகிறது. சிரிப்பு இல்லை.

சுமலதா மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மகள் போய் எட்டு மாதம். குரலோடு மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான், அதுவும் அவளுடைய போட்டோ ஸ்டுடியோக் கணினியின் எஸ்.எஸ்.டி. நினைவகத்தில். நேற்று கல்யாண ஆல்பத்தைச் சேமித்துக்கொண்டிருந்தபோது பாழாய்ப்போன கரண்ட் போய்த் தொலைந்தது. கணினி பழுது பார்க்கும் எழிலரசனுக்குப் போன் போட்டாள்.

"சேவ் பண்ணிட்டு இருக்கசொல்ல கரண்ட் போனா, முன்னாடி இருந்ததும் கெட்டுப்பூடும்க்கா. கம்ப்யூட்டர யு.பி.எஸ்ல மாட்டிட்டு, மொதல்ல வேற எஸ்.எஸ்.டி.ல காப்பி எடுத்துடு. இப்ப யு.பி.எஸ்ல இன்னா மாட்டி வெச்சிருக்க?"

"பாப்பா படத்து பல்பு. அவ இருட்டுன்னா பயப்படுவாடா."

"செத்த புள்ளைக்கு இன்னாக்கா இருட்டு?"

போனை வைத்தாள். அந்தப் பழைய யு.பி.எஸ்ஸில் ஒரே ஒரு பிளக்குக்குத்தான் இடம். வெளியே மத்தியான மழைமேகம் கோட்டை மலையை உச்சியிலிருந்து மறைத்துக்கொண்டே இறங்கியது. மல்லாட்டைக் கடலை ஏற்றிய லாரிகளின் ஹார்ன் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்க, படத்து மாலையின் அழுகின வாடையும் ஈர மண் வாடையும் அறைக்குள் ஒன்றாகத் தேங்கி நின்றன. கணினியை அணைத்தாள். பல்பின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"பத்தே நிமிஷம், கண்ணு."

சிவப்பு வெளிச்சம் அணைந்தது. கணினியை யு.பி.எஸ்ஸில் மாட்டிக் காப்பியைத் தொடங்கினாள். அறுபது சதவீதம். எண்பது. கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, யு.பி.எஸ் கீச்சிட்டது, கணினி மட்டும் அணையவில்லை. நூறு. அப்பாடா என்றிருந்தது.

காப்பியைத் திறந்தாள். முழு நாற்பது விநாடியும் இருந்தது. தமிழினி மெழுகுவர்த்தியை ஊதினாள். திரை இருண்டது. சிரிப்பு வரவில்லை.

"அம்மா, லைட்டு போடும்மா."

கணினியின் பிளக்கைப் பிடுங்கினாள். பல்பைச் செருகினாள். எரிந்தது.

படச் சட்டத்தில் மாலை இருந்தது. முகம் இல்லை.

முதுகுக்குப் பின்னால் கணினி இன்னும் இரைந்தது. பிளக் அவள் கையில் இருந்தது. கறுத்த திரையில் விநாடி ஓடியது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

"இன்னும் இருட்டாத்தான் இருக்குது."

திரைக்குள்ளே சின்ன விரல்கள், சுவிட்சைத் தேடி, கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தன.