கிளவுஸ் போட்ட கைதி

போன் அடித்தது.

எடுக்க வேண்டியவர் தரையில் மல்லாந்து கிடந்தார். நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கண்கள் கூரையை வெறித்தபடி நின்றுவிட்டிருந்தன.

பக்கத்தில் இன்னொருவன் மண்டியிட்டிருந்தான். ஆறடிக்கு மேல் உயரம்... நூறு கிலோவுக்கு மேல் எடை... ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டமே 'நம்ம ஆளு' என்று கொண்டாடும் ஹெவிவெயிட் பொக்ஸர் ஜெசிந்தன்!

அவனாலும் போனை எடுக்க முடியவில்லை.

இரண்டு கைகளிலும் கிளவுஸ்! மணிக்கட்டில் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு, அதன் மேல் டேப் சுற்றி, நடுவர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன கிளவுஸ். அதை வைத்துக்கொண்டு எதிராளியின் தாடையைப் பெயர்க்கலாம். ஒரு குண்டூசியைக் கூட எடுக்க முடியாது.

செத்துக் கிடந்தவர் பாக்கியநாதன். ஜெசிந்தனின் மேனேஜர். கழுத்தில் ஒரு சிவப்புத் துணி இறுகியிருந்தது.

அது ஜெசிந்தனின் துணி!

அமெச்சூர் காலத்தில் கிளவுஸுக்குள் கையில் சுற்றிக்கொண்ட துணி. ராசி என்று இன்றுவரை பையின் காதில் கட்டி வைத்திருந்தான். ராசி இப்படியா வேலை செய்ய வேண்டும்?

நடந்தது இவ்வளவுதான். பதுளை டவுன் ஹோலில் அவன் சொந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால் ஆடப்போகும் முதல் ப்ரொஃபெஷனல் சண்டை. மேடைக்குப் பின்னால் உடை மாற்றும் அறை. அதை ஒட்டி ஒரு குளியலறை. கண்ணாடிக்கு முன்னால் நின்று காற்றில் குத்தி உடம்பைச் சூடாக்க ஜெசிந்தன் உள்ளே போனான். ஹோலில் ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. திரும்பி வந்தால்... பாக்கியநாதன் இப்படி!

துணியைத் தளர்த்தப் பார்த்தான். கிளவுஸ் வழுக்கியது. பல்லால் கடித்து இழுத்தான். எச்சில்தான் ஒட்டியது, முடிச்சு அசையவில்லை.

கதவு இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். திறக்க நடுவில் இருக்கும் சின்னப் பொத்தானைத் திருக வேண்டும்.

எதை வைத்துத் திருகுவது?

உதைத்தான். கத்தினான். "டேய்! ஆராவது வாங்கடா!"

வெளியே மடுல்சீமையிலிருந்தும் நமுனுகுலவிலிருந்தும் லொறி ஏறி வந்த கூட்டம் அவன் பெயரைச் சொல்லியே விசிலடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவன் சத்தம் எங்கே கேட்கப் போகிறது!

போன் விடாமல் அடித்தது. மேசை மேல் கிடந்த திரையில் ஒரு பெயர்.

துஷாந்த்.

ஜெசிந்தன் குனிந்தான். மூக்கின் நுனியால் பச்சை வட்டத்தைத் தள்ளினான். வழுக்கியது. மறுபடி தள்ளினான். கிடைத்தது! கன்னத்தை மேசையில் அழுத்தி, காதைப் போனோடு ஒட்டினான்.

"மாஸ்டர்! நான் ஜெசிந்தன் பேசுறேன்!"

"என்னடா... பாக்கியநாதன் போன்ல நீ பேசுற?"

"அவரு செத்துக் கெடக்காரு மாஸ்டர்! கதவு வேற பூட்டிக்கிச்சு. தெறக்க ஏலாம நிக்கிறேன்!"

"ஐயோ! நீ ஒண்ணையும் தொடாத. பயப்படாத. நான் இப்பவே வாறேன்."

ஜெசிந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

துஷாந்த் மாஸ்டர் எப்போதும் இப்படித்தான். கொழுந்துச் சாக்கை இரண்டு தோளிலும் போட்டு லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தவனை 'வாடா' என்று கூப்பிட்டுப் போய் கிளவுஸ் மாட்டியவர் அவர். மாகாணப் பதக்கம், தேசியப் பட்டம், இந்தியாவில் ஒரு வெண்கலம்... எல்லாம் அவர் பயிற்சியாளராக ரிங் மூலையில் நின்றபோது வந்தவை. பிறகு பாக்கியநாதன் வந்தார். "ப்ரொஃபெஷனலா ஆடுறியா?" என்றார். துபாய், பேங்கொக் என்று ஜெசிந்தன் பறந்தான். மாஸ்டர் பதுளையிலேயே நின்றுவிட்டார்.

இன்று காலை ஊர்ப் பாசத்தில் அவரும் மூலையில் நிற்க வந்திருந்தார். பாக்கியநாதன் அவர் நெஞ்சில் கை வைத்து வெளியே தள்ளினார். அத்தனை பேருக்கும் முன்னால்!

ஜெசிந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வெட்கம் இன்னும் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

பிறகு மனசு கேட்காமல் இதே அறையில் பாக்கியநாதனோடு சண்டை போட்டான். கிளவுஸ் கட்டிக்கொண்டிருந்த ரமேஸ் அண்ணன் சமாதானப்படுத்திவிட்டுத்தான் மேடைக் கயிறுகளை இறுக்கப் போனார்.

பூட்டில் சாவி நுழைந்தது.

கதவு திறந்தது!

இன்ஸ்பெக்டர் ஷப்ராஸ் உள்ளே வந்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள். பின்னால் துஷாந்த்.

"மாஸ்டர்!" என்று ஜெசிந்தன் பாய்ந்தான்.

துஷாந்த் ஒரு அடி பின்வாங்கினார். இடது கையை நீட்டினார்.

"நான் சொன்னேன்ல சேர்... இவன்தான்! இவன்தான் கொன்னுட்டான்!"

ரிங்கில் இதுவரை எவனும் ஜெசிந்தனுக்குக் கொடுக்காத அடி அது.

"மாஸ்டர்... நீங்களா பேசுறீங்க?"

"அந்தத் துணி ஆரோடது சேர், கேளுங்க! இவன் அம்மா தைச்ச சிலுவை கூட இருக்கு பாருங்க!"

ஷப்ராஸ் குனிந்து பார்த்தார். சிலுவை இருந்தது. எச்சில் ஈரமும் இருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் சேர்."

"ஈரம்?"

"நான்தான் பல்லால... அவர காப்பாத்தத்தான்..."

"கொஞ்சம் முந்தி அவரோட சண்டை பிடிச்சியாமே? வெளிய வரைக்கும் கேட்டிச்சாம்."

"பிடிச்சேன் சேர். ஆனா..."

"அறையில வேற ஆரு இருந்தாங்க?"

"ஒருத்தரும் இல்ல."

சொல்லச் சொல்ல ஜெசிந்தனுக்கே தெரிந்தது. ஒவ்வொரு பதிலும் தன் கழுத்தில் இன்னொரு சுற்று! முன் வரிசையில் சஜீவனி உட்கார்ந்திருக்கிறாள். ஆறு மாத வயிற்றோடு. புருஷன் ஜெயித்து வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவனோ விலங்கோடு மறியலுக்குப் போகப்போகிறான்.

"கையை நீட்டு."

நீட்டினான். கான்ஸ்டபிள் விலங்கை மாட்டப் பார்த்தான். கிளவுஸுக்கு மேல் அது ஏறவில்லை.

"கிளவுஸ கழட்டு!"

"ஏலாது சேர். எனக்குக் கழட்ட முடிஞ்சிருந்தா எப்பவோ கதவத் தெறந்திருப்பேன்."

"நடிக்கிறான் சேர்!" துஷாந்த் குறுக்கே பாய்ந்தார். "மணிக்கட்டுல ஒட்டுற பட்டி இருக்கும். பல்லால இழுத்தா சர்ருனு வந்துரும். கழட்டி நெரிச்சிட்டு, மறுபடி மாட்டிக்கிட்டு நிக்கிறான்!"

ஷப்ராஸ் கிளவுஸைப் பிடித்துத் திருப்பினார்.

"பட்டி எங்க?"

"மணிக்கட்டுல சேர்..."

"இங்க டேப்தான் இருக்கு."

டேப்பை நகத்தால் கீறினார். வரவில்லை. கான்ஸ்டபிள் கத்தரிக்கோல் கொண்டு வந்தான். வெட்டினால் உள்ளே கயிறு! முடிச்சு கல்லாகியிருந்தது. அவிழ்க்கப் போய் இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது.

"பட்டி வச்சது அமெச்சூர் கிளவுஸ், மாஸ்டர்," ஜெசிந்தன் மெதுவாகச் சொன்னான். "நீங்க மாட்டிவிட்டது அதுதான். ப்ரொஃபெஷனல் கிளவுஸுக்குக் கயிறு. இன்னொருத்தர் இல்லாம போடவும் ஏலாது, கழட்டவும் ஏலாது."

ஷப்ராஸ் நிமிர்ந்தார். "இதக் கட்டினது ஆரு?"

"ரமேஸ் அண்ணன். கட்டுறப்ப பாக்கியநாதன் சேர் உசுரோட நின்னு ஏசிக்கிட்டு இருந்தாரு. நடுவரும் பாத்தாரு."

"ரமேஸ் எங்க?"

"மேடையில சேர்," என்றான் கான்ஸ்டபிள். "அவ்வளவு சனத்துக்கு முன்னுக்கு நின்னு மேடையச் சுத்திக் கயிறு இழுத்துக் கட்டிக்கிட்டு இருக்காரு. இங்க வாற வரைக்கும் நான்தான் பக்கத்துல நின்னேன்."

துஷாந்த் கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தார். "அப்போ... வேற எவனோ வந்திருக்கான் சேர். இவ்வளவு கூட்டத்துல ஆரக் கண்டோம்!"

ஜெசிந்தனின் பார்வை பிணத்தின் கழுத்தில் இருந்தது. துணியின் நுனியில் ஒரு சின்ன வளையம். இப்போது அது தையல் விட்டு, நீளமாக இழுபட்டுக் கிடந்தது.

கிளவுஸால் அதைக் காட்டினான்.

"சேர்... அந்த வளையத்தப் பாருங்க."

"ஏன், அது என்னத்துக்கு?"

"கைக்குத் துணி சுத்துறப்ப கட்டவெரல மொதல்ல அதுக்குள்ள விடணும். கழுத்த நெரிக்க வாறவன் ரெண்டு கையிலயும் துணிய முறுக்கிப் பிடிப்பான். வளையத்துல எதுக்கு வெரல விடப்போறான்? ஆனா இருபது வருஷமா பொடியன்களுக்குத் துணி சுத்திவிட்ட கை இருக்கே... அது யோசிக்காது. துணியத் தொட்டா கட்டவெரல் தானா வளையத்துக்குள்ள போயிரும்."

வெளியே மறுபடி விசில் கிளம்பியது.

ஷப்ராஸ் திரும்பினார்.

"மாஸ்டர்... வந்ததுல இருந்து வலது கைய ஜெர்சிப் பொக்கெட்டுக்குள்ளயே வச்சிருக்கீங்க."

"குளிருது சேர்."

"இந்தப் புழுக்கத்துலயா? எடுங்க!"

கை வரவில்லை. கான்ஸ்டபிள் பிடித்து இழுத்தான்.

கட்டை விரலின் அடியில்... சுற்றிலும் ஒரு சிவப்புத் தடம்! தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

துஷாந்த் உடைந்து போனார்.

"காலையில என்னைய நாய் மாதிரி தள்ளினான் சேர்! பேசிப் பாக்கலாம்னு வந்தேன். கதவத் தெறந்தவன் என்னையக் கண்டு சிரிச்சான்... இந்தத் துணியும் கண்ணுல பட்டுச்சு. எல்லாம் நான் ஆக்கி வச்சது, எனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சு!"

"செத்தவருக்கு எதுக்கு போன் அடிச்சீங்க?"

"ஒண்ணும் தெரியாதவன் மாதிரி காட்டிக்கத்தான்." ஜெசிந்தனைப் பார்த்தார். "நீயும்தான்டா! ஒரு வார்த்த பேசினியா? நெலத்தப் பாத்துக்கிட்டு நின்ன!"

"நின்னேன் மாஸ்டர்." இந்த முறை ஜெசிந்தன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். "அது என் தப்புத்தான். அதுக்கு நீங்க என்னைய அடிச்சிருக்கலாம். வாங்கியிருப்பேன்."

விலங்கு துஷாந்தின் மணிக்கட்டுகளில் 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது. அவர் அதையே வெறித்துப் பார்த்தார்.

ஷப்ராஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"பல்லால இழுத்துப் பாக்காதீங்க மாஸ்டர்... இது ப்ரொஃபெஷனல்!"