வல்லைவெளியில் மூன்று சுற்று

ஆவரங்கால் தாண்டும்வரை காரின் வெப்பமானி முள் நடுவில்தான் கிடந்தது. வல்லைவெளிக்குள் இறங்கி, உப்புக்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கி, எந்த எஞ்சினும் குளிர வேண்டிய இடத்தில் அது மெல்ல எழுந்து சிவப்பைத் தொட்டது.

ஓய்வுபெற்ற சீஃப் கிளாக்கர் கனகலிங்கம் முள்ளை முறைத்துப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு கந்தோரே எழுந்து நின்றதுண்டு. முள் பணியவில்லை.

கரவெட்டியில் அவருடைய தாய் பிரேதமாகக் கிடந்தாள். ஐந்து மணிக்குத் தூக்குவதாகத் தமையன் சீவரத்தினம் தந்தி அடித்திருந்தார். தாய்க்குக் கொள்ளி வைப்பவன் இளைய மகன். இவர்தான் இளையவர், ஆறு வருஷமாக அந்தப் படலையைத் திறக்காதவர். "பாக்க வராட்டிலும் பறவாயில்லை மோனை, கொள்ளிக்கு வந்திடு" என்று கடைசிக் கடிதத்தில் எழுதுவித்திருந்தாள். பதில் போட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கார் துடைக்கத் தினமும் கிடைத்தது.

மானிப்பாயில் புறப்படும்போதே மெக்கானிக் கிறிஸ்துநாயகம் சொல்லியிருந்தான்.

"ஐயா, உது வல்லை தாண்டாது. பஸ்ஸிலை போங்கோ."

"செத்தவீட்டிலை போய்ப் பஸ்ஸாலை இறங்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்கட்டுமே. செத்தவ கதைக்க மாட்டாதானே."

இப்போது மணி நாலரை. இரண்டு பக்கமும் வெறுந்தரவை நிலம். ஒரு சைக்கிள் இல்லை, ஒரு மாடு இல்லை. முப்பது வருஷம் கோப்புகளை ஆறப்போட்டுப் பழகியவர், காரை ஓரமாக நிறுத்தி, பொனற்றைத் திறந்து எஞ்சினையும் ஆறப்போட்டார். பிறகு விசாரணை தொடங்கியது. விசிறிப் பெல்ற் இறுக்கமாக இருந்தது. தண்ணீர்க் குழாய்களில் வெடிப்பில்லை. ஆவி பறக்க வேண்டும், பறக்கவில்லை.

எங்காவது ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தபடி, இடப்பக்கமாகக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ரேடியேற்றரின் முகத்தில், சற்றுமுன் இல்லாத இடத்தில், நூல்போல ஒரு தண்ணீர்த் தாரை பாய்ந்தது. ஓட்டையை அடைக்க ஈரச் சவுக்காரத் துண்டொன்றை அப்பினார். நிற்கவில்லை. அந்தத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைப்போலக் குளிர்ந்தது.

முள்ளைப் பார்க்கப் போய், பின்பக்கத்தால் சுற்றித் திரும்பினார். சிவப்பிலேயே நின்றது. ரேடியேற்றரில் இரண்டு தாரைகள். தயங்கித் தயங்கி எஞ்சினில் உள்ளங்கையை வைத்தார்.

குளிர்ந்திருந்தது.

அப்படியானால் சூடு எங்கே? அதைத் தேடி மூன்றாம் முறை நடந்தார். பின்கதவைத் தொட்ட விரல் சுட்டது. நெய் மணந்தது. சந்தனம். கர்ப்பூரம். கண்ணாடிக்குள் பார்க்காமல் முன்னால் வந்தார்.

மூன்று தாரைகள். கத்திமுனையால் கொத்தியதுபோல மூன்று ஓட்டைகள்.

அவருடைய இடது தோள் நனைந்திருந்தது. சுடலையில் கொள்ளிக்குடம் சுமக்கிற தோள். குடத்தில் சுற்றுக்கொரு கொத்து. மூன்று சுற்று. அதன்பிறகு பிணத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். திரும்பக்கூடாது.

அவர் காருக்கு முதுகு காட்டித்தான் நின்றார். எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை. ஒரு சுருட்டைப் பற்றவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நெருப்புக்குச்சியைக் கிழித்தார். அந்தக் காற்றிலும் அது அணையவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு மண்குடம் விழுந்து உடைந்தது.

மேற்கு வெயில் காரின் நிழலை அவரையும் கடந்து ரோட்டில் நீட்டியிருந்தது. அந்த நிழலில் பின்கதவு திறந்தது. இரண்டு பாதங்கள் வெளியே நீண்டன. பெருவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்தன.

"நேரம் போட்டுது மோனை." வாய் நிறைய அரிசியோடு அந்தக் குரல் வந்தது. "இஞ்சையே வை."

நெருப்புக்குச்சி பிடித்த கை, அவரைக் கேளாமல், பின்பக்கமாக நீண்டது.