கரைக்காத திரவம்

பம்பின் கைப்பிடியை யாரும் தொடவில்லை. ஆனாலும் அழுத்தமானியின் முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

ஜெபசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். தன் கண்ணையே நம்பாத சுபாவம் அவனுக்கு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். புழுக்கமும் ஆல்கஹாலின் இனித்த வாடையும் ஆய்வகத்தில் தேங்கி நிற்க, தொண்ணூற்று நாலாம் வருஷக் காலண்டர் மட்டும் மின்விசிறிக் காற்றில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.

மேலே வட்டக் கண்ணாடி பதித்த எஃகுக் கலத்துக்குள், திரவத்தில் மூழ்கிக் கிடந்தது உடன் படிக்கும் தேவதாசன் வளர்த்த படிகாரப் படிகம். நாளைய அழுத்தச் சோதனையில் அது உடையாமல் நின்றால், பெங்களூர் ஆய்வகத்துக்குப் போகும் ஒரே இடம் அவனுக்குத்தான்.

தன் படிகத்தைச் சுற்றி அழுத்தத்தைக் கடத்தும் திரவமாக ஜெபசீலன் தேர்ந்தெடுத்தது விளக்கெண்ணெய். அழுத்தம் ஏறியதும் அது மெழுகாக இறுகி, ஒரு பக்கமாக நெருக்கி, அவன் படிகத்தை நொறுக்கிவிட்டது. தேவதாசனின் ஆல்கஹால் இறுகவுமில்லை, படிகத்தைக் கரைக்கவுமில்லை.

"இதுதாம்ப்பா திரவம். எல்லாப் பக்கமும் அழுத்தும், ஆனா திங்காது," என்றார் மாலை வகுப்பில் பாடம் எடுத்த பாக்கியவதி மேடம். ஜெபசீலனுக்கு வயிறு எரிந்தது.

வகுப்பு முடிந்து தேவதாசன் போகும்போது வாசலில் நின்று சிரித்தான். "ஏலே விளக்கெண்ண, வாரியா? பஸ்ஸ விட்டா மேடம் ஸ்கூட்டர்லதான் தொங்கணும்."

"நீ போலே. பைய வருதேன்."

அவன் தலை மறைந்ததும் ஜெபசீலன் கலத்தைத் திறந்தான். பாதி ஆல்கஹாலை வடித்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி மூடினான். படிகாரத்தைத் தண்ணீர் தின்றுவிடும். காலையில் கலம் காலியாக இருக்கும்.

அப்போதுதான் முள் நகர்ந்தது.

வால்வைத் திறந்தான். முள் இறங்கவில்லை. மணிமுத்தாறு அணைத் தண்ணீரில் முங்கியதுபோலக் காதுகள் அடைத்தன. சாலையின் இரைச்சல் நின்றுபோனது. காலண்டர் தாள் இப்போது சுவரைத் தட்டவில்லை. பாசியைப்போல மெதுவாக, மிக மெதுவாக, அலைந்தது.

கதவை இழுத்தான். அசையவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கமாக வளைந்தன.

கத்தினான். சத்தமில்லை. வாய் நிறைய ஆல்கஹால் ருசி.

நெஞ்சில் நெருக்கம். முதுகிலும். உள்ளங்காலிலும். எல்லாப் பக்கமும் ஒன்றுபோல.

மேலே, வட்டமான காற்றுச் சாளரம் இருண்டது. அந்த வட்டம் முழுவதையும் அடைத்தபடி ஓர் ஈரமான கண். அது இமைத்தது.

வெகு தொலைவிலிருந்து தேவதாசனின் குரல்.

"மேடம், இங்கன வந்து பாருங்க. ஓரமெல்லாம் கரையுது."

ஜெபசீலன் கையைத் தூக்கிப் பார்த்தான். விரல்களில் நகமில்லை. ரேகையில்லை. நுனிகள் வழவழவென்று, கண்ணெதிரே குட்டையாகிக்கொண்டிருந்தன.